ஆயிரம் ரோஜா சரி... கொறங்காடு எங்கே?

மார்கழி மாசத்துக் கடைசி நாள். கோயமுத்தூரில் எந்த மார்க்கெட் பக்கம் போனாலும் தரையில் சாக்கு விரித்து ஒரு வியாபாரம் நடக்கும். ஒரு கொத்து ஆவாரம்பூ, ஒரு கொத்து பூளைப்பூ, கொஞ்சம் வேப்பிலை... மூன்றையும் சேர்த்து ஒரு கட்டு. காப்புக் கட்டுவதற்கு. ஏழாவது மாடியில் குடியிருக்கிறவர் கூட வாங்கிப்போய் நிலைப்படியில் செருகிவைப்பார். பொங்கல் முடிந்ததும் கிராமங்களில் பெண் பிள்ளைகள் பூப்பறிக்கிற நோம்பிக்குக் கிளம்புவார்கள். பறிக்கப்போவது ரோஜா அல்ல, அதே ஆவாரம்பூ.

இந்தச் செடிகளை யாரும் விதைத்ததில்லை. தண்ணீர் விட்டதில்லை. வேலியோரம், பொழியோரம், இட்டேரி ஓரம் தானாக வந்தவை. இன்றைக்கு இவற்றைக் காசு கொடுத்து வாங்குகிறவர்களின் பிள்ளைகளிடம் கட்டைப் பிரித்து வைத்து, 'இதில் பூளை எது, ஆவாரை எது?' என்று கேட்டுப் பாருங்கள். பாதிப் பேர் மொபைலை எடுப்பார்கள்.

இந்தப் பிள்ளைகளுக்கு ஊர்ச் செடியைக் காட்டத்தான் தாவரவியல் பூங்கா என்று ஒன்று வேண்டும். கோயமுத்தூருக்கு அப்படி ஒன்று வந்தும் விட்டது. காந்திபுரத்தில் மத்திய சிறை மைதானத்தில் செம்மொழிப் பூங்கா. 2010-ல் உலகத் தமிழ்ச் செம்மொழி மாநாடு கோவையில் நடந்தபோது அன்றைய முதல்வர் கருணாநிதி அறிவித்தது. அதன்பிறகு பல வருஷம் கிணற்றில் போட்ட கல். 2023 டிசம்பரில் அடிக்கல், 2025 நவம்பர் 25-ல் முதல்வர் ஸ்டாலின் கையால் திறப்பு. 45 ஏக்கர். 208 கோடியே 50 லட்சம் ரூபாய். ஆயிரம் வகை ரோஜா.

முதலில் நல்லதைச் சொல்லிவிட வேண்டும். நகரத்தின் நட்டநடுவில், கிராஸ்கட் ரோட்டிலிருந்து நடந்துபோகிற தூரத்தில் 45 ஏக்கர் இடம் கிடைத்தால் பொதுவாக அங்கே என்ன வரும்? வணிக வளாகம் வரும். அடுக்குமாடி பார்க்கிங் வரும். அதெல்லாம் வராமல் மரமும் செடியும் வந்ததே பெரிய விஷயம். வ.உ.சி.யை அடைத்துவைத்துச் செக்கிழுக்க வைத்த சிறையின் மண்ணில் இன்று குழந்தைகள் ஓடி விளையாடுகிறார்கள். இதைக் குறை சொல்கிறவன் மனுஷனே இல்லை.

குறை அங்கே இல்லை. 'பூங்கா' என்றால் என்ன என்று இந்த ஊர் வைத்திருக்கிற நினைப்பில் இருக்கிறது.

அந்த நினைப்பு ஊட்டியிலிருந்து வந்தது. கொங்கு நாட்டில் பிறந்த எவருக்கும் முதல் ஸ்கூல் டூர் ஊட்டி பொட்டானிக்கல் கார்டன்தான். பச்சைப் புல்தரை, வட்டமான பாத்தி, பாத்தி நிறையப் பூ, நடுவில் ஒரு குரூப் போட்டோ. 1848-ல் மெக்ஐவர் என்பவர் கையில் உருவான தோட்டம் அது. ஏழாயிரம் அடிக்கு மேல், மூடுபனியும் தூறலுமாக இருக்கிற ஊரில், வெள்ளைக்காரனுக்குத் தன் ஊர் நினைப்பு வந்ததற்காகப் போட்ட புல்தரை. அந்த இடத்துக்கு அது பொருத்தமாகவே இருக்கிறது. (நீலகிரியின் சோலைகளையும் புல்வெளிகளையும் இடித்துவிட்டு வந்தது என்பது தனிக் கதை, அதை இன்னொரு நாள் பேசலாம்.)

அதை அப்படியே கீழே இறக்கி, சுமார் 1,350 அடி உயரத்தில், மேற்குத் தொடர்ச்சி மலையின் மழை மறைவுப் பக்கம், வருஷத்துக்கு 600, 700 மில்லிமீட்டர் மழை பெய்யும் ஊரில் விரித்தால் எப்படி இருக்கும்? பங்குனி, சித்திரையில் அந்தப் புல்லுக்கு விடிய விடியத் தண்ணீர் பீய்ச்ச வேண்டும். ரோஜாவுக்கு மருந்தடிக்க வேண்டும். ஒரு வாரம் கவனிக்காமல் விட்டால் போச்சு.

கொங்குத் தமிழில் ஒரு வேடிக்கை உண்டு. வெளியூர்க்காரர்கள் சட்டென்று விளங்கிக்கொள்ள மாட்டார்கள். 'தோட்டம்' என்றால் இங்கே பூந்தோட்டம் இல்லை. கிணறு இருக்கிற, நீர் பாய்ச்சி வெள்ளாமை செய்கிற நிலம். 'காடு' என்றால் யானை, புலி இருக்கிற வனம் இல்லை. மழையை நம்பிச் சோளமும் கம்பும் கொள்ளும் விதைக்கிற மேட்டு நிலம். 'அப்பன் எங்கடா?' என்று கேட்டால் 'காட்டுக்குப் போயிருக்காருங்க' என்பான் பையன். கையில் துப்பாக்கியோடு அல்ல, மண்வெட்டியோடு போயிருக்கிறார் என்று அர்த்தம் :-)

இந்த வரிசையில் மூன்றாவதாக ஒரு சொல் உண்டு. கொறங்காடு.

காங்கேயம், தாராபுரம், மூலனூர், வெள்ளகோயில், அரவக்குறிச்சி வட்டாரத்துக்காரர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. மற்றவர்களுக்காக: கொறங்காடு என்பது மேய்ச்சல் நிலம். ஆனால் சும்மா விட்ட பொறம்போக்கு அல்ல. சொந்தக்காரர் உண்டு, எல்லை உண்டு, கணக்கு உண்டு. மூன்று விஷயம் சேர்ந்தால் கொறங்காடு. தரையில் கொழுக்கட்டைப் புல். ஊடே ஊடே வெள்வேல மரம். சுற்றிலும் கிளுவை வேலி.

கிளுவையை எடுத்துக்கொள்வோம். கோடையில் பார்த்தால் செத்த குச்சி மாதிரி முள்ளும் கிளையுமாக நிற்கும். இலை இருக்காது. ஒரு மழை, அவ்வளவுதான், வேலி முழுக்கப் பச்சை. ஒரு போத்தை வெட்டி மண்ணில் ஊன்றினால் வேர் பிடித்துக்கொள்ளும். கம்பி வேண்டாம், கல்தூண் வேண்டாம், சிமென்ட் வேண்டாம். நட்டவரின் பேரன் காலத்திலும் அதே வேலி நிற்கும். ஆடு மாடு தாண்டாது. ஆனால் ஓணானும் கீரியும் கவுதாரியும் உள்ளே வரும், போகும். வேலிக்குள்ளேயே ஒரு சிற்றுலகம் குடும்பம் நடத்தும். கோவைக்கொடி ஏறும், பிரண்டை ஏறும், சங்குப்பூ படரும்.

வெள்வேல் இன்னொரு அதிசயம். சின்னச் சின்ன இலை. அதனால் நிழல் விழும், ஆனால் கீழே புல் சாகிற அளவுக்கு அடர்த்தியாக விழாது. காய்ந்த காலத்தில், தரையில் ஒன்றுமே இல்லாதபோது, காயை உதிர்க்கும். மாடும் ஆடும் தேடித் தேடித் தின்னும். கொழுக்கட்டைப் புல்லோ வறட்சியில் வைக்கோல் போலக் காய்ந்து கிடந்து, அடுத்த மழைக்குத் தூரிலிருந்து எழுந்துவிடும். நிலத்தைப் பட்டி பட்டியாகப் பிரித்து, ஒன்றில் மேய்த்து ஒன்றை ஆறப்போட்டு, மாற்றி மாற்றி மேய்ப்பார்கள். காங்கேயம் காளை என்று ஊர் உலகமெல்லாம் பெருமை பேசுகிறார்களே, 2017-ல் ஜல்லிக்கட்டுக்காக வ.உ.சி. மைதானத்தில் ஒரு தலைமுறையே உட்கார்ந்து கோஷம் போட்டதே... அந்த மாடு தின்று வளர்ந்தது இந்த மூன்றையும்தான். மாட்டின் படம் பைக்கில், டீசர்ட்டில், வாட்சப்பில் எல்லாம் இருக்கிறது. அது தின்ற புல்லின் பெயர் எத்தனை பேருக்குத் தெரியும்?

இப்படி ஒரு நிலத்துக்கு அரசுப் பதிவேட்டிலும் ஊர்ப் பேச்சிலும் கிடைக்கிற பெயர் 'தரிசு', 'முள்ளுக்காடு', 'சும்மா கிடக்கிற இடம்'. சும்மா கிடக்கிற இடம் என்று சொல்லிவிட்டால் அப்புறம் சைட் போடலாம், சோலார் பலகை நடலாம், எதையும் செய்யலாம். யாரும் கேட்க மாட்டார்கள். ஏனென்றால் அங்கே ஏதோ இருந்தது என்றே யாருக்கும் தெரியாது.

தாவரவியல் பூங்காவின் வேலை என்ன என்ற கேள்வி இங்கேதான் வருகிறது. பூவைக் காட்டுவதற்குக் கண்காட்சி போதும், நர்சரி போதும். ஒரு ஊர் தன் மண்ணில் என்ன முளைக்கிறது, ஏன் முளைக்கிறது, எதோடு எது சேர்ந்து வாழ்கிறது என்று தன் பிள்ளைகளுக்குக் காட்டுகிற இடம்தான் தாவரவியல் பூங்கா. தென்னாப்பிரிக்காவில் கேப் டவுன் மலையடிவாரத்தில் கிர்ஸ்டன்போஷ் என்று ஒரு தோட்டம். 1913-ல் ஆரம்பித்தது. ஐரோப்பிய ரோஜாவைக் கொண்டுவந்து கொட்டாமல், அந்த நாட்டுச் செடிகளைக் காப்பதற்காகவே தொடங்கியது. இன்று உலகமே போய்ப் பார்க்கிறது. நூறு வருஷத்துக்கு முன்பே அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது.

செம்மொழிப் பூங்காவில் சங்க இலக்கியச் செடிகளுக்கும் இடம் கொடுத்திருக்கிறார்கள், அதைச் சொல்லாமல் விட்டால் நியாயமில்லை. ஆனால் சங்க இலக்கியத்தின் செடி என்பது என்ன? கபிலர் குறிஞ்சிப்பாட்டில் 99 பூக்களைப் பட்டியல் போடுகிறார் என்று பள்ளிக்கூடத்திலேயே மனப்பாடம் செய்ய வைக்கிறார்கள். அந்தப் பூக்களைத் தலைவியும் தோழியும் எங்கே பறித்தார்கள் என்று எந்த வாத்தியாரும் கேட்பதில்லை. பாத்தியில் பறிக்கவில்லை. தினைப்புனத்தைச் சுற்றியிருந்த மலைக்காட்டில் பறித்து, பாறையில் குவித்தார்கள்.

திணை என்பது செடிப் பட்டியல் அல்ல. நிலம், பொழுது, மரம், பறவை, மாடு, மனிதன் செய்கிற தொழில் எல்லாம் ஒன்றாகக் கட்டிய ஒரு பொட்டலம். அதைப் பிரித்து ஒவ்வொரு செடியாகத் தொட்டியில் வைத்துப் பெயர்ப்பலகை குத்தினால் மிஞ்சுவது பெயர் மட்டும்தான். மேய்ச்சல் நிலம், மாடு, கார்காலம், மழைக்குக் காத்திருக்கிற மண்... இது எந்தத் திணை? முல்லை. இன்றைக்கும் உயிரோடு இருக்கிற முல்லையைப் பார்க்க வேண்டுமானால் காங்கேயத்துக் கொறங்காட்டுக்குப் போனால் போதும். செம்மொழியின் பெயரில் பூங்கா வைத்த ஊரிலிருந்து இரண்டு மணி நேர பஸ் பயணம் கூட இல்லை. அந்தப் பெயருக்குக் கொறங்காட்டை விடப் பொருத்தமான ஒன்றைக் காட்டட்டும் பார்க்கலாம்.

இன்னொன்றை நினைத்தால் சிரிப்பதா அழுவதா என்று தெரியாது. தாவரம் பற்றித் தெரிந்தவர்கள் கோவையில் இல்லையா? இந்தியாவில் இந்த விஷயத்தில் கோவைக்கு இருக்கிற சொத்து சில ஊர்களுக்குத்தான் உண்டு. 1906-ல் சைதாப்பேட்டையிலிருந்து வேளாண் கல்லூரி இங்கே வந்தது. அது இன்று பல்கலைக்கழகம், அதற்குள்ளேயே ஒரு தாவரவியல் பூங்கா. 1902-ல் தொடங்கிய காஸ் வன அருங்காட்சியகம் ஆர்.எஸ்.புரத்துப் பக்கம். 1955-ல் வந்தது இந்தியத் தாவரவியல் ஆய்வுத் துறையின் தென்னக மையம். மெட்ராஸ் ஹெர்பேரியம் என்ற பழம்பெரும் உலர் தாவரத் தொகுப்பு அங்கேதான் இருக்கிறது. இரண்டு லட்சத்துக்கும் மேற்பட்ட தாள்கள். ஒவ்வொன்றிலும் ஒரு செடி, எந்த ஊரில், எந்தத் தேதியில், யார் பறித்தது என்ற குறிப்போடு. லாலி ரோட்டில் பஸ்ஸுக்கு நிற்கிற ஆயிரம் பேரில் ஒருவருக்காவது இது தெரியுமா?

1912-ல் வந்த கரும்பு இனப்பெருக்க நிலையத்தின் கதை இன்னும் சுவாரஸ்யம். பார்பரும் டி.எஸ்.வெங்கட்ராமனும் அங்கே வேலை செய்தார்கள். வட இந்தியாவின் வறட்சியையும் குளிரையும் தாங்குகிற கரும்பு வேண்டும். நயமான கரும்பு தாங்கவில்லை. அவர்கள் என்ன செய்தார்கள்? கோயமுத்தூர் ஓடையோரத்தில் ஒருவரும் சீண்டாமல் நின்ற காட்டுக்கரும்பை, நாணல் இனத்துப் புல்லை, எடுத்து நயமான கரும்போடு சேர்த்தார்கள். 1918-ல் 'கோ 205' வந்தது. 'கோ' என்றால் கோயமுத்தூர். பஞ்சாபில் கரும்பு விவசாயத்தின் தலையெழுத்து மாறியது. பிற்பாடு ஜானகி அம்மாள் அதே நிலையத்தில் உட்கார்ந்து கரும்பின் குரோமோசோம்களை எண்ணினார். உலகத்துச் சர்க்கரைக்கு இந்த ஊர் கொடுத்த கொடை ஒரு களைப்புல்லிலிருந்து வந்தது. அந்தப் புல்லுக்கு இந்த ஊரில் ஒரு சிலை கூட வேண்டாம், நொய்யல் கரையில் நிற்க ஒரு இடம் இருந்தால் போதும்.

நொய்யல் என்றதும் குளங்கள் ஞாபகம் வருகின்றன. உக்கடம் பெரியகுளத்தை 2013-ல் ஊர் மக்களே கூடித் தூர்வாரினார்கள். அப்புறம் ஸ்மார்ட் சிட்டி வந்தது. கரையில் நடைபாதை வந்தது, விளக்கு வந்தது, 'ஐ லவ் கோவை' எழுத்து வந்தது. சாயங்காலம் குடும்பம் குடும்பமாக மக்கள் நடக்கிறார்கள், அதில் தப்பே இல்லை. ஆனால் நடைபாதை என்றாலே கான்கிரீட்தான் என்று எந்தச் சட்டப் புத்தகத்தில் எழுதியிருக்கிறது? கரையில் கோரையும் சம்பும் நிற்கிற இடத்தில்தான் தாழைக்கோழி கூடு கட்டும். கல் பதித்த சரிவில் அது என்ன செய்யும், செல்பி எடுக்குமா?

இதையெல்லாம் சொன்னால் மூன்று பதில் வரும்.

முதலாவது, 'முள்ளுச்செடியைப் பார்க்க யார் காசு கொடுத்து வருவாங்க?' ஜோத்பூரைப் பார்க்கச் சொல்ல வேண்டும். மேரான்கர் கோட்டையின் அடிவாரத்தில் சுமார் 70 ஹெக்டேர் பாறை நிலம், முழுக்கச் சீமைக்கருவேலம் மூடிக்கிடந்தது. 2006-ல் பிரதீப் கிரிஷன் தலைமையில் வேலை ஆரம்பமானது. வெட்டினால் திரும்ப முளைக்கிற மரம், அதனால் பாறையைக் கொத்தித் தெரிந்த கல்லுடைக்கும் தொழிலாளர்களைக் கூட்டிவந்து வேரோடு எடுத்தார்கள். அந்த இடத்தில் தார்ப் பாலைவனத்துச் செடிகளை மட்டும் நட்டார்கள். எல்லாம் முள், எல்லாம் புதர், எல்லாம் புல். 2011-ல் திறந்தது ராவ் ஜோதா பாலைவனப் பாறைப் பூங்கா. மண்ணும் கல்லுமாக நடைவழி, கூட வந்து விளக்கிச் சொல்ல ஆள், நுழைவுக்கு டிக்கெட். மக்கள் வரத்தான் செய்கிறார்கள். முள் இருப்பதால் அல்ல, முள்ளின் கதையைச் சொல்ல அங்கே ஆள் இருப்பதால்.

இரண்டாவது, 'அதெல்லாம் ராஜஸ்தான், நம்ம கவர்மென்ட்ல நடக்குமா?' நடந்திருக்கிறது. சென்னை அடையாறு முகத்துவாரத்தில் குப்பையும் கட்டட இடிபாடும் கொட்டிக்கிடந்த 58 ஏக்கரைச் சுத்தம் செய்து, நீர் தேங்க வைத்து, அந்தக் கடலோரத்துக்கே உரிய மரங்களை நட்டு, 2011 ஜனவரியில் தொல்காப்பியப் பூங்கா என்று திறந்தார்கள். புல்தரையும் ரோஜாவும் கொண்ட பூங்காவாக இல்லாமல், ஒரு நிலத்தை அதன் இயல்புக்குத் திருப்பிய வேலை. செய்தது இதே தமிழ்நாடு அரசு.

மூன்றாவதுதான் கொஞ்சம் யோசிக்க வைக்கிற பதில். 'வெயிலில் வெந்து வேலை செய்துவிட்டு ஞாயிற்றுக்கிழமை பிள்ளையைக் கூட்டிக்கொண்டு வருகிற பனியன் கம்பெனித் தொழிலாளிக்குப் பச்சைப் புல்லும் கலர் பூவும் கண்ணுக்குக் குளிர்ச்சி. முள்ளுக்காட்டைத்தான் அவர் ஊரிலேயே பார்த்திருக்கிறாரே?' நியாயம்தான். முள்ளில் கால் குத்தி வளர்ந்தவருக்கு முள்ளின் மேல் காதல் வராது. அவருக்கு ரோஜா இருக்கட்டும், ஒரு செடியைக் கூடப் பிடுங்க வேண்டாம். ஆனால் அவர் கையைப் பிடித்துக்கொண்டு வருகிற பிள்ளை ஊரைப் பார்க்கவில்லை. அது பார்த்ததெல்லாம் தார் ரோடும் தகரக் கூரையும். காங்கேயத்துப் பக்கமிருந்து ஒரு அமுச்சி அந்தப் பூங்காவுக்கு வந்தால், ஆயிரம் ரோஜாவில் ஒன்றைக் கூட அவரால் பேத்திக்குப் பெயர் சொல்லிக் காட்ட முடியாது. எல்லாம் வாய்க்குள் நுழையாத பெயர். பலகையைப் பேத்திதான் படித்துக் காட்ட வேண்டும். அதே அமுச்சியை ஒரு கொறங்காட்டு வேலியோரம் நடக்க விட்டால்? 'இது ஊஞ்ச மரம் சாமி, இதோட தழையத்தான் அரைச்சு அரப்புன்னு தலைக்குத் தேய்க்கறது. இது ஆவாரை. இது பூளை, காப்புக் கட்டுறமே அது. இதத் தொடாதே, முள்ளு...' பேச்சை நிறுத்தவே மாட்டார். அங்கே வழிகாட்டி அவர்தான்.

ஆக, கேட்பது பெரிதாக ஒன்றும் இல்லை. சிறை நிலம் மொத்தம் 165 ஏக்கர். 45 போக மிச்சம் 120 ஏக்கர். சிறையைக் காரமடைப் பக்கம் மாற்றிய பிறகு அதுவும் பூங்காவாக வேண்டும் என்பதுதான் திட்டம். அதில் ஒரு பத்து ஏக்கர், வேண்டாம், ஐந்து ஏக்கர் மட்டும் புல்தரை போடாமல், பாத்தி கட்டாமல், நீரூற்று வைக்காமல் கொங்குக்கு என்று விடட்டும். நாலு பக்கமும் கிளுவை வேலி. உள்ளே கொழுக்கட்டைப் புல்லும் வெள்வேலும், ஓரத்தில் ஊஞ்ச மரமும் ஆவாரையும் பூளையும். நடக்க இட்டேரி மாதிரி ஒரு மண் தடம், மழை பெய்தால் செருப்பில் சேறு ஒட்டுகிற நிஜமான தடம். கோடையில் அது காய்ந்துதான் கிடக்கும். கிடக்கட்டும், 'இது சாகவில்லை, மழைக்குக் காத்திருக்கிறது' என்று வாசலில் ஒரு பலகை வைத்தால் போகிறது. ஐப்பசி மழைக்கு அப்புறம் அதே பிள்ளைகளை மறுபடி கூட்டிவந்து காட்டட்டும். லாலி ரோட்டு விஞ்ஞானிகள் மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை வந்து பேசட்டும், காங்கேயத்து அமுச்சிகளுக்கு டிக்கெட் வாங்காமல் விடட்டும்.

208 கோடிக்குப் பக்கத்தில் இதற்கு ஆகிற செலவு சில்லறை. கிளுவைப் போத்துக்கு டெண்டர் கூட விட வேண்டாம். மூலனூர்ப் பக்கம் போய்க் கேட்டால், எத்தனை லோடு வேண்டும் என்று கேட்டு வெட்டிக் கொடுப்பார்கள்.